வாரம் ஒரு பொருள்: ஒளிப்படப் பயிற்சி

ஈற்றடி தந்து வெண்பா இயற்றச் செய்தல் தமிழ்ப் புலவர் கண்ட பயிற்சி முறைகளுள் ஒன்று. எல்லை வகுப்பதால் புலமை குன்றுவதில்லை, கூர்மை பெறுகிறது. ஒளிப்படக் கலையிலும் இதனையொத்த பயிற்சி உண்டு. வாரத்திற்கு ஒரு பொருளை வரையறுத்து, அதனையே படமெடுத்தல் அது.

முதல் வாரம் 'நிழல்' எனக் கொள்வோம். காலை மாலைகளில் நிழல் நீளும், நண்பகலில் குறுகும். ஆதலின் நேரமறிதல் முதற்பாடமாகிறது. அடுத்தது 'நீர்'. ஷட்டர் நொடியில் 1000இல் ஒரு பங்கு திறப்பின் அருவித்துளிகள் உறைந்து தோன்றும். கேமராவை முக்காலியில் நிறுத்தி அரை நொடி திறப்பின் அவ்வருவியே பட்டிழையாய்ப் படரும். மூன்றாவது 'கைகள்'. சாளரத்தின் பக்கவொளி, உழைத்த கையின் சுருக்கங்களை எடுத்துக்காட்டும். பிறர் கையைப் படமெடுக்குமுன் அவர்தம் இசைவைப் பெறுதல் பண்பாகும்.

அமெரிக்கக் கலைஞர் எட்வர்ட் வெஸ்டன் குடைமிளகாயையே திரும்பத் திரும்பப் படமெடுத்தார். 1930இல் அவர் எடுத்த 'மிளகாய் எண் 30' உலகப் புகழ் பெற்றது.

இன்று கைப்பேசியால் நாளொன்றுக்கு நூறு படம் எடுத்தல் எளிது; ஒன்றை ஊன்றிக் காண்டல் அரிது. எனவே மாணவர்கள் வார இறுதியில் ஒரே படத்தைத் தேர்ந்து, ஏனையவற்றைத் தள்ளிய காரணத்தையும் எழுதி வைத்தல் நலம். எடுத்தலினும் தெரிந்தெடுத்தலே கண்ணைப் பழக்கும்.