லோடர் டிராக்டரின் முன் அச்சு பேரிங்: பழுதை அறிதலும் தடுத்தலும்

டிராக்டரின் முன்புறத்தில் லோடரைப் பொருத்திவிட்டால், எருவை வண்டியில் ஏற்றுவதும் வண்டல் மண்ணை வாரிக் கொட்டுவதும் ஒருவரே செய்து முடிக்கக்கூடிய வேலைகளாகிவிடுகின்றன. இந்த வசதிக்குரிய கூலியைச் சப்தமின்றிக் கொடுத்து வருவது டிராக்டரின் முன் அச்சு; அதிலும் சக்கரத்தின் நடுவே கண்ணுக்குப் புலப்படாமல் அமைந்திருக்கும் பேரிங்குகள். அவை முற்றிலும் நொறுங்கினால் சக்கரம் ஹப்புடன் கழன்று ஓடிவிடும். வாளி உயர்ந்திருக்கும் நிலையில் அவ்வாறு நேர்ந்தால் டிராக்டர் கவிழும். ஓட்டுநரின் உயிருக்கே அபாயம். ஆகவே இதனைப் பட்டறைக்காரரின் பொறுப்பு என்று மட்டும் விட்டுவிடாமல், டிராக்டர் வைத்திருக்கும் அங்கத்தினர் ஒவ்வொருவரும் அறிந்திருத்தல் நலம்.

நான் கண்ட ஒரு டிராக்டரில் இடது முன் சக்கரத்தின் பேரிங் ஓர் ஆண்டுக்குள் மூன்று முறை மாற்றப்பட்டது. ஒவ்வொரு முறையும் பழி பேரிங்கின் தரத்தின் மீதே விழுந்தது. கழற்றி எறிந்த பழைய பேரிங்கை எவரும் கையில் எடுத்துப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் காரணத்தை அதுவே சொல்லியிருக்கும்.

இரு சக்கர இழுவை டிராக்டர்களில் ஒவ்வொரு முன் சக்கரத்தின் ஹப்பினுள்ளும் சாதாரணமாக இரண்டு பேரிங்குகள் உண்டு: உட்புறம் பெரியது, வெளிப்புறம் சிறியது. இவற்றின் உருளைகள் கூம்பு போல ஒருபுறம் சரிந்திருக்கும். குதிரை வண்டிகள் செய்துவந்த அமெரிக்கரான ஹென்றி டிம்கன் 1898-ஆம் ஆண்டில் இவ்வகைப் பேரிங்குக்குக் காப்புரிமை பெற்றார். மேலிருந்து வரும் பாரத்தையும், திருப்பத்தில் பக்கவாட்டில் வரும் நெருக்கத்தையும் ஒருங்கே தாங்குவது இதன் சிறப்பு. உருளைகள் கோத்த உட்பாகத்தைக் கோன் என்றும், ஹப்பில் இறுகப் பதிந்திருக்கும் வளையத்தைக் கப் என்றும் பட்டறைகளில் வழங்குவர்.

லோடர் இதன் மீது எவ்வளவு பாரத்தை ஏற்றுகிறது? 2,000 கிலோ எடையுள்ள ஒரு டிராக்டரில் முன் அச்சின் மீது 800 கிலோ நிற்பதாகக் கொள்வோம். முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடைவெளி 2 மீட்டர். வாளியில் 500 கிலோ மண்; அது முன் அச்சுக்கு 1.5 மீட்டர் முன்னே இருக்கிறது. முன் அச்சின் மீது 500 கிலோதான் கூடும் என்று எண்ணுவது இயல்பு. உண்மையில் 875 கிலோ கூடுகிறது. ஏற்றம் இறைப்பவருக்கு இது புதிதன்று. துலாவின் நியாயமே இங்கும். மிகுதியான 375 கிலோ பின் அச்சிலிருந்து தூக்கப்பட்டு முன்னே வந்து சேருகிறது. லோடர் சட்டத்தின் சொந்த எடையைச் சேர்க்காமலே முன் அச்சின் பாரம் 1,675 கிலோ, அதாவது முன்னிருந்ததைப் போல் இரு மடங்குக்கும் மேல் ஆகிவிடுகிறது.

பாரம் இரு மடங்கானால் பேரிங்கின் ஆயுள் பாதியாகும் என்று கணக்கிடலாகாது. லுண்ட்பெர்க், பால்ம்கிரென் என்னும் இரு சுவீடன் நாட்டு அறிஞர்கள் 1947-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சியை ஒட்டி வளர்ந்த கணக்குப்படி, உருளைப் பேரிங்கின் மீது பாரம் இரு மடங்கானால் ஆயுள் சுமார் பத்தில் ஒரு பங்காகக் குறையும். தூக்கிய வாளியுடன் வரப்பின் மேல் ஏறி இறங்கும்போதும், இறங்கும் வாளியைத் திடீரென நிறுத்தும்போதும் விழும் அடி இதற்கு மேற்பட்டது.

பரிகாரம் டிராக்டரின் பின்புறத்தில் இருக்கிறது. பின் அச்சுக்கு 1 மீட்டர் பின்னால் 400 கிலோ எதிர்பாரம் தொங்கினால் முன் அச்சின் பாரம் 200 கிலோ குறையும். பின் சக்கரங்களுக்குப் பிடிப்பும் கிடைக்கும். கான்கிரீட் நிரப்பிய பெட்டியோ, போதிய எடையுள்ள பின்புறக் கருவியோ இதற்குப் போதும். பின் டயரில் நீர் நிரப்பியிருப்பதால் எதிர்பாரம் வேண்டாம் என்று சிலர் வாதிப்பதுண்டு. அந்த நீரின் எடை பின் அச்சின் நேர் மேலேயே நிற்பதால் பிடிப்பைத் தருமேயன்றி முன் அச்சின் பாரத்தை ஒரு கிலோ கூடக் குறைக்காது. முன் சக்கரங்களை அகலம் கூட்டி வெளியே தள்ளி வைப்பதும் லோடர் வேலைக்கு ஆகாது.

இனி, பழுதை அறியும் முறை. வேலை முடிந்தவுடன் இரு ஹப்புகளையும் கையால் தொட்டுப் பார்க்க வேண்டும். ஒன்று மற்றொன்றைவிடத் தெளிவாகச் சுடுமாயின் அங்கே கோளாறு உண்டு. பிறகு வாளியைத் தரையில் இறக்கி, எஞ்சினை நிறுத்தி, பின் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, ஜாக்கியால் அச்சை உயர்த்தி, உறுதியான ஸ்டாண்டின் மீது அமர்த்த வேண்டும். வாளியைத் தரையில் ஊன்றி முன் சக்கரத்தைத் தூக்கிக்கொண்டு வேலை பார்ப்பது பல இடங்களில் வழக்கமாகிவிட்டது. ஹைட்ராலிக் அழுத்தம் சிறிது கசிந்தாலும் டிராக்டர் ஆள் மீது இறங்கிவிடும்.

உயர்த்திய சக்கரத்தை மெல்லச் சுழற்றினால், நல்ல பேரிங் ஒரே சீராக ஓடும், கெட்டது கரகரக்கும். அடுத்து, சக்கரத்தின் மேலும் கீழும் பிடித்து ஆட்ட வேண்டும். ஆட்டம் தெரிந்தவுடன் பேரிங்தான் என்று முடிவு கட்டலாகாது. கிங் பின் புஷ் தேய்ந்திருந்தாலும், அச்சின் நடுப் பின் தேய்ந்திருந்தாலும் சக்கரம் ஆடும். ஒருவர் ஆட்ட, மற்றொருவர் உட்புறமிருந்து கூர்ந்து நோக்கட்டும். ஸ்டப் ஆக்ஸில் அசையாமல் ஹப் மட்டும் அசைந்தால் பேரிங். இரண்டும் சேர்ந்து அசைந்தால் கிங் பின் அல்லது நடுப் பின். தார் சுற்றும் ராட்டையில் ஆடுவது கதிரா, கதிரைத் தாங்கும் காதா என்று பிரித்தறியும் நெசவாளருக்கு இது எளிதில் விளங்கும்.

ஹப்பைக் கழற்றியபின் முதலில் கிரீஸைப் பார்க்க வேண்டும். பால் போல வெளுத்திருந்தால் நீர் புகுந்துள்ளது. சேற்றுழவு செய்யும் டிராக்டர்களில் இது மிகுதி. மினுமினுக்கும் துகள்கள் உலோகம் உதிர்வதைக் காட்டும். பின்னர் பேரிங்கை மண்ணெண்ணெயில் கழுவி வெளிச்சத்தில் நோக்க வேண்டும். உருளை ஓடும் பாதையில் செதில் செதிலாகப் பெயர்ந்திருந்தால் அளவு மீறிய பாரமே முதற் சந்தேகம். உருளைகளின் இடைவெளிக்கு ஒத்த தூரத்தில் வரிசையாகப் பள்ளங்கள் காணப்பட்டால் பலத்த அடி பட்டிருக்கிறது. நீலம் பாய்ந்திருந்தால் கிரீஸ் வற்றியது, அல்லது நட்டை மிகையாக இறுக்கியது. துருப்புள்ளிகள் நீரின் வேலை. மங்கிச் சாம்பல் நிறமாகத் தேய்ந்திருப்பது புழுதியின் வேலை. பின்னிரண்டிலும் குற்றவாளி ஆயில் சீல்.

நான் முற்கூறிய டிராக்டரில் செதில்களும் இருந்தன, துருவும் இருந்தது. எதிர்பாரம் இல்லை. சீலும் மூன்று முறையும் பழையதே திரும்பப் போடப்பட்டிருந்தது. மேலும், கோனை மட்டும் மாற்றிக் கப்பைப் பழையதாகவே விட்டிருந்தனர். சிறு தொகையை மிச்சம் பிடிக்கும் இந்தச் சிக்கனம் கேடானது. கோனும் கப்பும் ஜோடியாகவே மாற்றப்பட வேண்டும்; சீல் ஒவ்வொரு முறையும் புதிதாக இருக்க வேண்டும். ஸ்டப் ஆக்ஸிலில் கோன் அமரும் இடம் தேய்ந்து வரி விழுந்திருந்தால் புதிய பேரிங்கும் நிலைக்காது.

கிரீஸை மேலே பூசினால் போதாது. உள்ளங்கையில் வைத்து, உருளைகளின் இடையே மறுபுறம் பிதுங்கும்வரை கோனை அழுத்தி நிரப்ப வேண்டும். சக்கர பேரிங்குக்குரிய கிரீஸையே கொள்க. வெவ்வேறு வகைகளைக் கலக்க வேண்டாம். மாட்டும்போது, சக்கரத்தைச் சுழற்றிக்கொண்டே நட்டை இறுக்கி, சுழற்சி சற்றுக் கனத்தவுடன் நிறுத்தி, காட்டர் பின் துளைக்கு நேராகும்வரை சிறிது தளர்த்துவது பொது முறை. எவ்வளவு தளர்த்துவது என்பதில் அந்தந்த டிராக்டரின் கையேடே பிரமாணம். பழைய காட்டர் பின்னை நிமிர்த்தி மீண்டும் போடலாகாது. புதிய பேரிங் ஓடிப் படிந்தபின் ஆட்டத்தை மறுபடி சோதிப்பது அவசியம்.

நான்கு சக்கர இழுவை டிராக்டர்களில் முன் ஹப்பினுள் பற்சக்கரங்களும் எண்ணெயும் இருப்பதால் இம்முறை அவற்றுக்குப் பொருந்தாது. அங்கே அங்கத்தினர் செய்யத்தக்கது எண்ணெயின் அளவையும் நிறத்தையும் பார்ப்பதும், சீலின் ஓரத்தில் ஈரக்கசிவு தென்படுகிறதா என்று கவனிப்பதுமே. பேரிங்கின் இறுக்கத்தை அளவுக்கருவி கொண்டு அமைக்க வேண்டியிருப்பதால், கழற்றும் வேலையைத் தேர்ந்த பட்டறைக்கு விடுக. கழற்றிய பேரிங்கை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டு வருக.