போனைப் பிடுங்கினால் பழக்கம் போகுமா?



சேமிப்பு எழுதி, கடன் தவணை வாங்கி முடிந்ததும் நம் கூட்டங்களில் அடிக்கடி வருவது பிள்ளைகளின் செல்போன் பேச்சுதான். "எந்நேரமும் கேம்தான்க்கா. பிடுங்குனா சாப்பாட்டுத் தட்டைத் தூக்கி எறியுதான்." இந்தப் போன் வீட்டுக்குள் எப்படி வந்தது? 2020-ல் கொரோனாவால் பள்ளி மூடியபோது, ஆன்லைன் பாடத்துக்காகக் கடன் வாங்கியாவது நாம்தான் வாங்கிக் கொடுத்தோம். பாடம் முடிந்தது, போன் தங்கிவிட்டது.

விளையாடுகிற பிள்ளை எல்லாம் அடிமை இல்லை. உலக சுகாதார நிறுவனம் 2019-ல் ஏற்ற நோய்ப் பட்டியலில் இதற்கு மூன்று அடையாளம் சொல்கிறது. நிறுத்த நினைத்தாலும் முடியாது. படிப்பு, சாப்பாடு, கூட்டாளி எல்லாவற்றையும் விட கேம் பெரிதாகிவிடும். கெடுதல் வந்தாலும் விடாது. பொதுவாக ஒரு வருடம் இப்படி நீடித்தால்தான் நோய் என்பார்கள். லீவில் நாலு நாள் ஆடியதற்கு "பைத்தியம் பிடிச்சிட்டு" என்று தெருவில் சொல்ல வேண்டாம்.

2020 செப்டம்பரில் பப்ஜியையும், 2022 பிப்ரவரியில் ஃப்ரீ ஃபயரையும் மத்திய அரசு தடை செய்தது. பிள்ளைகள் வேறு கேமுக்கு மாறிக்கொண்டார்கள். வீட்டிலும் அப்படித்தான். நாம் பிடுங்கினால் அடுத்த தெருவில் கூட்டாளி போனில் நடக்கும்.

நம் ஊரில் உப்பளத்துக்குப் போகிறவர்கள் விடியுமுன் கிளம்புகிறோம். பிள்ளை எழும்பும்போது வீட்டில் ஆள் இல்லை, போன் இருக்கிறது. சாயங்காலம் நமக்கு உடம்பு அசந்து கிடக்கும், அப்போதும் போன்தான் துணை. குறை சொல்லவில்லை, நானும் நீட்டியவள்தான். ஆனால் அந்த நேரத்துக்கு வேறு ஒன்று கொடுக்காமல் போனை மட்டும் எடுத்தால் பலிக்காது.

முதலில் ஒரு வாரம், எத்தனை மணி நேரம் ஆடினான் என்று வரவு செலவு மாதிரி நோட்டில் பிள்ளையையே எழுதச் சொல்லுங்கள். பல பிள்ளைகள் அதைப் பார்த்தே திகைத்துப்போகும். பிறகு கூட உட்கார்ந்து நேரத்தைப் பேசி முடிவு செய்து, கொஞ்சம் கொஞ்சமாகக் குறையுங்கள். ஆட்டத்தின் நடுவில் பிடுங்காதீர்கள். "இந்த ஆட்டத்தோடு சரி" என்றால் சண்டை பாதி குறையும். ராத்திரி போன் அம்மாவிடம். ஆரம்பத்தில் அழுகை, கோபம் எல்லாம் வரும். அப்போது இரங்கிக் கொடுத்துவிட்டால், எவ்வளவு அழுதால் கிடைக்கும் என்று பிள்ளை கற்றுக்கொள்ளும்.

சாயங்காலம் மைதானத்துக்கு அனுப்புங்கள். 1994 ஆசிய விளையாட்டில் கபடித் தங்கம் வென்ற இந்திய அணியில் ஆடிய மணத்தி கணேசன் நம் மாவட்டத்துக்காரர்தானே! குழுவில் முறை வைத்து தினம் ஒருவர் பார்த்துக்கொண்டால் பெண் பிள்ளைகளும் வருவார்கள்.

கேமுக்குள் துப்பாக்கி, உடுப்பு வாங்கக் காசு கேட்கும். ஜிபே ரகசிய எண்ணைப் பிள்ளைக்குச் சொல்லாதீர்கள்; குழுப் பணம் வந்துபோகும் போன் என்றால் பிள்ளை கையில் தரவே வேண்டாம். பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளைத் தடுக்க 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் சட்டம் இயற்றியிருக்கிறது. யாராவது ஏமாற்றிப் பணம் எடுத்தால் உடனே 1930-க்குக் கூப்பிடுங்கள்.

தூக்கம், சாப்பாடு, பள்ளி மூன்றும் கெட்டால் டாக்டரிடம் போக வேண்டும். "செத்துப்போவேன்" என்று பிள்ளை சொன்னால் மிரட்டல் என்று விடாதீர்கள், தனியாகவும் விடாதீர்கள். அன்றைக்கே கூட்டிப் போங்கள். தூத்துக்குடி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. 14416-ல் இரவும் பகலும் இலவசமாகத் தமிழில் பேசலாம். கூட வர ஆள் இல்லையென்றால் குழுவில் சொல்லுங்கள், ஒருவர் வருவோம்.