கேபிளுக்குச் சைனா, கோசைனா?

மாணவர்களே, செனாய்–டெசாரு நெடுஞ்சாலையில் செல்லும்போது ஜொகூர் ஆற்றுப் பாலத்தைக் கவனியுங்கள். 2011இல் திறக்கப்பட்ட இப்பாலத்தின் 500 மீட்டர் நடுப்பகுதியைச் சாய்ந்த கேபிள்கள் தாங்குகின்றன.

பயிற்சி: தளத்துடன் 30° கோணத்தில் உள்ள கேபிள் ஒன்று 1,000 கிலோநியூட்டன் சுமையைத் தாங்குவதாகக் கொள்வோம். அதன் இழுவிசை என்ன?

தீர்வு: சுமையைத் தாங்குவது இழுவிசையின் செங்குத்துக் கூறு.
இழுவிசை × சைன் 30° = 1,000
இழுவிசை = 1,000 ÷ 0.5 = 2,000 கிலோநியூட்டன்

பலர் இங்கே கோசைனைப் பயன்படுத்தி, 1,155 என எழுதிப் புள்ளிகளை இழக்கிறார்கள். சந்தேகம் வந்தால் கோணத்தை 0° ஆக்கிப் பாருங்கள். படுக்கைவாட்டில் கிடக்கும் கேபிள் எதையும் தூக்காது. சைன் 0° = 0, சரி. கோசைன் 0° = 1, தவறு!

நீங்களே செய்க: கோணம் 45° எனில் இழுவிசை என்ன? (விடை: ஏறத்தாழ 1,414 கிலோநியூட்டன்)