ஸ்நூக்கர்க் கோல் இழைத்தல்

ஸ்நூக்கர் ஆட்டம் 1875-ஆம் ஆண்டில், ஜபல்பூரில், நெவில் சேம்பர்லேன் என்னும் இளம் ஆங்கிலப் படை அதிகாரியால் தொடங்கப்பெற்று, உதகமண்டலத்துச் சங்கத்தில் விதிகள் பெற்றது என்பர். (பிற்காலத்துப் பிரதமர் வேறொருவர்.) அதற்குரிய கோலை இழைக்கச் சேலத்துத் தச்சர் ஒருவரிடம் யாம் பொழுதுபோக்காகப் பயின்றோம்.

கோல் ஏறக்குறைய 58 அங்குல நீளமுடையது; மூன்றடிக்குக் குறைதல் விதிக்கு மாறு. தண்டிற்கு, வளைந்து நிமிரும் ஆஷ் மரத்தையும், பிடிக்குக் கனமுள்ள கருங்காலியையும் கொள்வர். சதுரக் கட்டையை எட்டுப் பட்டையாகவும், பின்னர்ப் பதினாறு பட்டையாகவும் இழைப்புளியால் இழைத்தல் வேண்டும். பட்டைகள் அகலத்தில் ஒத்திருப்பின் வட்டம் எளிதில் அமையும். ரேகைக்கு எதிராக இழைப்பின் மரம் பிய்ந்துபோம்.

எமது முதற்கோலை நன்கு உலராத மரத்தில் நான்கே நாளில் முடித்துப் பெருமிதங்கொண்டோம். பங்குனி வெயிலில் அது வளைந்தது. “நாண் எங்கே, தம்பி?” என்றார் தச்சர். புறத்தே மரத்தைச் சீவுந்தோறும் உள்ளே அடங்கியிருந்த இழுவிசை விடுபட்டுத் தண்டு கோணும் என்றும், ஆதலின் சிறிது இழைத்துச் சில வாரம் நிழலில் தொங்கவிட்டு, கோணல் கண்டு மீண்டும் இழைப்பதே முறையென்றும் அவர் விளக்கினார். அவசரக்காரர்க்கு இஃது ஆகாத தொழில்!

நுனி ஒன்பதரை மில்லிமீட்டர் அளவிற்கு வந்தபின்னரே பித்தளைப் பூணும் தோல்முனையும் பொருத்துவர். எமது இரண்டாங்கோல் இன்னும் இரண்டு மில்லிமீட்டர் பருமன் மிகுந்து பட்டறை உத்தரத்தில் தொங்குகின்றது.