விதை கசிந்தால் முடிச்சு விழும்

பயறு வகைகளின் வேர் முடிச்சுகளை உழவர்கள் அறிவர். காற்றிலுள்ள தழைச்சத்தைப் பயிருக்கு ஈட்டித் தரும் ரைசோபியம் பாக்டீரியாக்கள் அவற்றினுள் வாழ்கின்றன. ஆனால் இவற்றின் முடிச்சு மரபணுக்கள் எப்போதும் வேலை செய்வதில்லை. அவற்றின் முன்பகுதி வாய்க்கால் மடை போன்றது. தக்க பொருள் வந்தால்தான் மடை திறக்கும்.

மடை திறப்பதை அளப்பது எப்படி?

அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஷாரன் லாங் குழுவினர், குதிரைமசால் ரைசோபியத்தின் முடிச்சு மரபணு மடையோடு வேறொரு பாக்டீரியாவின் நொதி மரபணுவை இணைத்தனர். மடை திறந்தால் நொதி உண்டாகும். நிறமற்ற ஒரு பொருளை அது மஞ்சளாக்கும். மஞ்சள் விரைந்து ஏறினால் மடை நன்கு திறந்திருக்கிறது என்று பொருள். பாக்டீரியா மிகுந்தாலும் நிறம் கூடும். ஆகவே கரைசலின் கலங்கலையும் அளந்து கணக்கிட வேண்டும். எதுவும் சேர்க்காத கரைசலோடும் ஒப்பிட வேண்டும். இவ்வாறு, குதிரைமசால் விதையிலிருந்து கசியும் லூட்டியோலின் என்ற பொருளே மடையைத் திறக்கிறது என 1986இல் வெளியிட்டனர். சோயா மொச்சையில் இவ்வேலையைச் செய்பவை டெய்ட்சீன், ஜெனிஸ்டீன் ஆகியவை.

உழவர் கவனத்திற்கு

பயிருக்குப் பயிர் கசிவு வேறு, ரைசோபியமும் வேறு. சோயாவுக்கான பொட்டலம் உளுந்துக்கு உதவும் என்று நம்பக் கூடாது. பொட்டலத்தில் பயிரின் பெயரையும் காலாவதி நாளையும் பார்த்து வாங்க வேண்டும். ஆறிய அரிசிக் கஞ்சியில் கலந்து விதையில் பூசி, நிழலில் உலர்த்தி, உடனே விதைக்க வேண்டும். தழைச்சத்து உரம் மிகுந்தால் முடிச்சு குறையும். பூக்கும் தருணத்தில் செடியை மண்ணோடு பெயர்த்து முடிச்சைக் கீறிப் பார்க்கலாம். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் தழைச்சத்து சேருகிறது என்று அறியலாம்.