இருசக்கர உழவு இயந்திரத்தின் ஹெட் கஸ்கட்டை மாற்றுதல்

வயலில் நீர் நிற்கிறது, நாற்று முற்றுகிறது, அந்நேரத்தில் உழவு இயந்திரம் வெண்புகை கக்கி நின்றுவிடுமாயின் கமக்காரர் ஒரு போகத்தையே இழக்க நேரிடும். யட்டவத்த போன்ற இடங்களில், மலைச்சரிவிற் படிப்படியாய் அமைந்த வயல்களில் நாற்சக்கர இயந்திரத்தை இறக்குதல் அரிது. ஆங்கு எருமைக்கு ஈடாக உழைப்பது இருசக்கர இயந்திரமே. 1950களில் இலங்கைப் பொறியியலாளர் ரே விஜேவர்தன இத்தகைய இயந்திரத்தை ஆக்கும் பணியில் ஈடுபட்டார். ‘லாண்ட்மாஸ்டர்’ என்னும் பெயரை முதியோர் இன்றும் மறந்திலர். இக்காலத்தில் வயல்களிற் பெரும்பாலும் காணப்படுவது நீரினாற் குளிரும் ஒற்றைச் சிலிண்டர் டீசல் எஞ்சினாகும். அதன் ஹெட் கஸ்கட் பழுதுற்றால், முதன்முறையாகச் செய்பவரும் பொறுமையுடன் அதனை வீட்டிலேயே மாற்றலாம். பெரும்போகத்துக்கும் சிறுபோகத்துக்கும் இடைப்பட்ட ஓய்வுக் காலமே இவ்வேலைக்கு உகந்தது.

கஸ்கட்டின் பணி

எஞ்சின் உடலுக்கும் சிலிண்டர்த் தலைக்கும் நடுவே இருக்கும் மெல்லிய தகடே ஹெட் கஸ்கட். எரியும் வாயு, குளிர்விக்கும் நீர், எண்ணெய் ஆகிய மூன்றும் ஒன்றோடொன்று கலவாவண்ணம் அது காக்கின்றது. அது எரிந்து துளைபட்டால் வாயு நீரிற் புகும். நீர் சிலிண்டரிலோ எண்ணெயிலோ புகும்.

அறிகுறிகள்

1. வெளியே ஒழுக்கின்றி நீர் குறைந்துகொண்டே போதல்.
2. எஞ்சின் சூடேறிய பின்னும் வெண்புகை தொடர்ந்து வருதல்.
3. எண்ணெய் பால் கலந்த தேநீர் போல் மாறுதல். அதன் மட்டம் உயர்தல்.
4. அழுத்தம் குன்றி, இயந்திரம் கிளம்ப மறுத்தல்.

எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது நீர்மூடியைத் திறந்து வைத்து, கிளப்பி, நீரை உற்று நோக்குக. தொடக்கத்திலிருந்தே குமிழிகள் இடைவிடாது எழுமாயின் கஸ்கட்டை ஐயுறலாம். சூடேறிய பின் நோக்கினால் கொதிநீர்க் குமிழியும் வாயுக்குமிழியும் வேறுபாடின்றித் தோன்றும். சூடான எஞ்சினின் மூடியைத் திறத்தல் கூடாது. கொதிநீர் முகத்திற் பாயும்.

மூலகாரணம்

கஸ்கட் காரணமின்றி எரிவதில்லை. ரேடியேற்றரில் வைக்கோலும் சேறும் அடைத்தல், நீர் குறைந்திருத்தல், விசிறிப் பட்டி தளர்தல், நட்டுகள் ஒரே சீராக முறுக்கப்படாமை ஆகியவற்றுள் ஒன்று பெரும்பாலும் இருக்கும். அதனைக் களையாது கஸ்கட்டை மாத்திரம் மாற்றினால், புதியதும் அவ்வாறே எரியும். கொதிக்கும் எஞ்சினில் குளிர்நீர் ஊற்றுவது இன்னும் கொடிது. சிலிண்டர்த் தலை வளையவோ வெடிக்கவோ கூடும். கஸ்கட்டின் விலை சிறிது. தலையின் விலை பெரிது.

தேவையானவை

அதே எஞ்சின் மாதிரிக்குரிய, அதே தடிப்பான கஸ்கட், எஞ்சினின் கைந்நூல், டோர்க் ஸ்பானர், பீலர் கேஜ், நேர்விளிம்புள்ள உருக்குச் சட்டம், புதிய எண்ணெய், தூய துணி ஆகியன வேண்டும். டோர்க் ஸ்பானர் இல்லையேல் இரவலாகவேனும் பெற்ற பின்னரே தொடங்குக; கையின் மதிப்பை நம்புதல் தகாது.

கழற்றும் முறை

எஞ்சின் முற்றாகக் குளிர்ந்த பின் நீரையும் எண்ணெயையும் வடித்துவிடுக. பழைய எண்ணெயை வாய்க்காலிலோ கிணற்றருகிலோ ஊற்றாது கலத்திற் சேர்த்து வைக்க. இரு வால்வுகளும் மூடியிருக்குமாறு எஞ்சினை அழுத்த வீச்சின் உச்சியில் நிறுத்துக. இன்ஜெக்டர்க் குழாயைக் கழற்றி, திறந்த வாய்களைத் துணியால் மூடுக. ரொக்கரையும் புஷ் ரொட்டுகளையும் எடுக்கையில் எது எங்கிருந்தது என்பதைக் குறித்துக்கொள்க. தலையின் நட்டுகளைக் குறுக்கு நெடுக்காக, ஒவ்வொன்றையும் சிறிது சிறிதாகத் தளர்த்துக. தலை பாரமானது, இருவர் தாங்குதல் நன்று. தலை கழன்ற பின் எஞ்சினைச் சுழற்றலாகாது. சுழற்றினால் சிலிண்டரின் உட்குழல் அசைந்து அடியிலுள்ள நீர்த்தடை வளையம் கெடலாம்.

தூய்மையும் சோதனையும்

பழைய கஸ்கட்டில் கல்நார் இருக்கலாம். ஆதலின் அதனை உலர்ந்த நிலையிற் சுரண்டாது, நனைத்துச் சுரண்டுக. துகளை வாயால் ஊதற்க. உருக்குச் சட்டத்தைத் தலையின் முகத்தில் நீளவாட்டிலும் குறுக்கிலும் மூலைக்கு மூலையிலும் வைத்து, அடியிற் பீலர் கேஜைச் செலுத்திப் பார்க்க. 0.05 மி.மீ. தகடு எளிதில் நுழையுமாயின், கைந்நூல் கூறும் எல்லையோடு ஒப்பிட்டு, வேண்டின் பட்டறையில் மட்டம் செய்விக்க. வெடிப்பு காணப்படினும் பட்டறைக்கே அனுப்புக. இவ்விடத்தில் வேலையை நிறுத்துவது தோல்வியன்று, எஞ்சினைக் காப்பதாகும்.

பூட்டும் முறை

இரு முகங்களும் நட்டுகளின் புரிகளும் துப்புரவாயும் உலர்ந்தும் இருத்தல் வேண்டும். கைந்நூல் கூறினாலன்றிக் கஸ்கட்டிற் கிறீசோ பசையோ பூசற்க. நீர்த்துளைகளும் எண்ணெய்த்துளைகளும் நேர்ப்படுகின்றனவா என்று நோக்கித் தலையை அமர்த்துக. நட்டுகளைக் குறுக்கு நெடுக்காக, முதலில் மூன்றிலொரு பங்கு, பின் மூன்றிலிரு பங்கு, ஈற்றில் முழு முறுக்கு என மூன்று படிகளில் முறுக்குக. முறுக்கின் அளவு எஞ்சினுக்கு எஞ்சின் வேறுபடும். கைந்நூலின் அளவே அளவாகும். பின்னர் வால்வு இடைவெளியைச் சரிசெய்க.

புதிய எண்ணெயும் நீரும் வார்த்து, எரிபொருட் குழாயிலுள்ள காற்றை வெளியேற்றுக. இன்ஜெக்டரிலிருந்து பீறிடும் டீசலின் முன் கையை நீட்டற்க. அது தோலைத் துளைக்கும். எஞ்சினைச் சுமையின்றி ஓடவிட்டு, ஒழுக்கையும் குமிழியையும் நோக்குக. நன்கு குளிர்ந்த பின், கைந்நூல் கூறுமாயின் நட்டுகளை மறுபடி முறுக்கி, வால்வு இடைவெளியை மீண்டும் பார்க்க. எண்ணெயில் நீர் கலந்திருந்தால், சில மணிநேர ஓட்டத்தின் பின் எண்ணெயை இன்னொரு முறை மாற்றுக.

முடிவு

நாள்தோறும் உழவுக்கு முன் நீரையும் எண்ணெயையும் பார்த்து, உழவுக்குப் பின் ரேடியேற்றரைக் கழுவும் கமக்காரருக்கு இவ்வேலை அடிக்கடி வாய்ப்பதில்லை. சந்தேகம் எழும்போது அப்பகுதி விவசாயப் போதனாசிரியரை அணுகுக. பழுதுபார்த்தலை முறையாகக் கற்க விரும்புவோர், விவசாயத் திணைக்களம் அநுராதபுரத்தில் நடத்தும் பண்ணை இயந்திரப் பயிற்சி நிலையத்தைப் பற்றி அவரிடமே கேட்டறியலாம்.