ஆர்மில சம்பளம் எவ்வளவு? ஒரு படித்துறைக் கணக்கு

செமஸ்டர் லீவுக்கு ஊருக்குப் போயிருந்தேன். திருவையாறுல சித்தி வீட்டுல ஒரு பஞ்சாயத்து ஓடிட்டு இருந்துச்சு. சித்தி பையன் இந்த வருஷம்தான் பிளஸ் டூ முடிச்சான். காலேஜ் அப்ளிகேஷன் எதுவும் போடல. தினமும் விடியக்காலைல காவிரிக் கரையோரமா 1,600 மீட்டர் ஓடிப் பழகுறான். அக்னிவீர் தேர்வுக்காம்.

அவன் போன்ல ஒரு வீடியோ: "ராணுவத்தில் சேர்ந்தால் மாதம் ஒரு லட்சத்துக்கு மேல்!" சித்தப்பா போன்ல ஒரு ஃபார்வர்டு: "கைக்கு வருவது வெறும் 21 ஆயிரம், ஏமாறாதீர்கள்!" ரெண்டு பேரும் விட்டுக்கொடுக்கிற மாதிரி இல்ல. சித்தி என்னைப் பார்த்துச் சொன்னாங்க: "தம்பி, நீதான் இஞ்சினியருக்குப் படிக்கிறியே. இதுல எது நெசம்னு கணக்குப் போட்டுச் சொல்லு."

போட்டுப் பார்த்தேன். ரெண்டுமே நெசம். வீடியோ சொல்றது லெப்டினன்ட் சம்பளம். ஃபார்வர்டு சொல்றது அக்னிவீருக்கு முதல் வருஷம் கைல வர்ற பணம். ரெண்டு பேரும் போடுறது ஒரே நிற யூனிஃபார்ம், நிக்கப்போறதும் ஒரே எல்லைல. நடுவுல இருக்கிறது ரேங்க்.

அன்னைக்கு சாயங்காலம் புஷ்ய மண்டபப் படித்துறைல உக்காந்து தம்பிக்கு நோட்ல எழுதிக் காட்டினதுதான் இந்தக் கட்டுரை. நம்ம காலேஜ்லயும் ஆர்மி, ஏர்ஃபோர்ஸ் கனவோட சில பேர் இருக்கீங்க. உங்களுக்கும் உதவும்.

1. ரேங்குக்குக் கிடைக்கிறது: அடிப்படைச் சம்பளம்

இப்ப நடைமுறைல இருக்கிறது ஏழாவது ஊதியக் குழுவோட 'பே மேட்ரிக்ஸ்'. 2016 ஜனவரி 1 முதல் அமல். மேட்ரிக்ஸ்னா பயப்பட வேணாம், நாம போடுற அதே கட்டம்தான். குறுக்கே போனா லெவல், அதாவது ரேங்க். கீழே இறங்கினா சர்வீஸ். வருஷத்துக்கு ஒரு கட்டம் இறங்கலாம், ஒரு கட்டத்துக்கு சுமார் 3 சதவீதம் கூடும். ஒவ்வொரு லெவலோட முதல் கட்டமும் இதோ (ரூபாயில், மாதத்துக்கு):

சிப்பாய் (லெவல் 3): 21,700
நாயக் (லெவல் 4): 25,500
ஹவில்தார் (லெவல் 5): 29,200
நாயப் சுபேதார் (லெவல் 6): 35,400
சுபேதார் (லெவல் 7): 44,900
சுபேதார் மேஜர் (லெவல் 8): 47,600

இதுவரைக்கும் ஒரு ஏணி. இதுக்கு மேல அதிகாரிகளோட ஏணி:

லெப்டினன்ட் (லெவல் 10): 56,100
கேப்டன் (லெவல் 10பி): 61,300
மேஜர் (லெவல் 11): 69,400
லெப்டினன்ட் கர்னல் (லெவல் 12ஏ): 1,21,200
கர்னல் (லெவல் 13): 1,30,600
பிரிகேடியர் (லெவல் 13ஏ): 1,39,600
மேஜர் ஜெனரல் (லெவல் 14): 1,44,200
ராணுவத் தலைமைத் தளபதி (லெவல் 18): 2,50,000

(மேஜர் ஜெனரலுக்கும் தலைமைத் தளபதிக்கும் நடுவுல இருக்கிற லெவல்களை விட்டிருக்கேன்.) அடி மட்டத்துக்கும் உச்சிக்கும் வித்தியாசம் சுமார் பதினொன்றரை மடங்கு.

இதுல ரெண்டு விஷயம் கவனிங்க. ஒண்ணு, மேஜருக்கும் லெப்டினன்ட் கர்னலுக்கும் நடுவுல இருக்கிற தாவல். 69 ஆயிரத்துல இருந்து நேரா 1.21 லட்சம். ஒரு அதிகாரி 2 வருஷ சர்வீஸ்ல கேப்டன், 6-ல மேஜர், 13-ல லெப்டினன்ட் கர்னல் ஆகலாம். அப்ப 13-வது வருஷம்தான் பெரிய திருப்பம்.

ரெண்டாவது, சிப்பாய் ஏணில ஏறுற எல்லாரும் தானா அதிகாரி ஏணிக்குப் போயிட முடியாது. அதுக்குத் தனித் தேர்வு இருக்கு. பதவி உயர்வு கிடைக்காதவங்களுக்கு 8, 16, 24 வருஷம் முடியும்போது சம்பள லெவலை மட்டும் ஏத்திக் கொடுப்பாங்க. பேட்ஜ் மாறாது, சம்பளம் மாறும்.

இந்த மாதிரிக் கணக்கு நம்ம ஊருக்குப் புதுசு இல்ல. தஞ்சாவூர் பெரிய கோயில் கல்வெட்டுல, தளிச்சேரிப் பெண்கள் 400 பேருக்கு ஆளுக்கு ஒரு பங்கு, ஒரு பங்குக்கு வருஷம் 100 கலம் நெல்னு ராஜராஜன் காலத்துலயே எழுதி வெச்சிருக்காங்க. மத்த கோயில் வேலைக்காரங்களுக்கு வேலையைப் பொறுத்து பங்கு கூடும், குறையும். அதுவும் ஒரு பே மேட்ரிக்ஸ்தான். எழுதினது எக்செல்ல இல்ல, கல்லுல.

2. சதவீதம் ஒண்ணு, தொகை வேற: அகவிலைப்படி

விலைவாசி ஏறினா அதுக்கு ஈடா வர்றது அகவிலைப்படி. 2025 ஜூலை 1 கணக்குப்படி 58 சதவீதம். சிப்பாய்க்கும் அதே 58, ஜெனரலுக்கும் அதே 58. ஆனா அந்தச் சதவீதத்தைக் கணக்குப் போடுறதுக்கு முன்னாடி இன்னொரு தொகையைக் கூட்டணும். அதுக்குப் பேரு ராணுவப் பணி ஊதியம், எம்.எஸ்.பி.

போலீஸ்லயோ மத்த அரசு வேலையிலயோ இது கிடையாது. குடும்பத்தை விட்டு இருக்கிறது, உயிர் ஆபத்து, சீக்கிரமே ஓய்வு, இதுக்கெல்லாம் சேர்த்துக் கொடுக்கிற தொகை. லெப்டினன்ட்ல இருந்து பிரிகேடியர் வரைக்கும் மாசம் 15,500. சிப்பாய்ல இருந்து சுபேதார் மேஜர் வரைக்கும் 5,200.

இப்ப கூட்டிப் பாருங்க.

சிப்பாய்: 21,700 + 5,200 = 26,900. அதுல 58 சதவீதம் 15,602. மொத்தம் 42,502.
லெப்டினன்ட்: 56,100 + 15,500 = 71,600. அதுல 58 சதவீதம் 41,528. மொத்தம் 1,13,128.

வீடியோ சொன்ன "லட்சத்துக்கு மேல்" வந்தாச்சு. (பிடித்தம் தனி, மத்த படிகளும் தனி.)

இந்த எம்.எஸ்.பி.-ல ஒரு பழைய மனக்குறை இருக்கு. சுபேதார் மேஜர்னா இருபத்தஞ்சு வருஷத்துக்கு மேல வெயில்லயும் பனிலயும் நின்னவர். அவருக்கு 5,200. நேத்து பாஸ் ஆகி வந்த லெப்டினன்டுக்கு 15,500. நாயப் சுபேதார் முதல் சுபேதார் மேஜர் வரை இருக்கிற இளநிலை அதிகாரிகளுக்காவது கூட்டிக் கொடுங்கன்னு ராணுவத் தரப்பே கேட்டுச்சு. 2018-ல நிதி அமைச்சகம் மறுத்துடுச்சு. அடிப்படைச் சம்பளத்துல ரேங்க் பார்க்கிறது புரியுது, பொறுப்பு கூடுது. ஆனா குடும்பத்தைப் பிரிஞ்சிருக்கிற கஷ்டமும் மூணு மடங்கு வித்தியாசப்படுமா? யோசிக்க வேண்டிய கேள்வி.

3. இடத்துக்குக் கிடைக்கிறது: ஆபத்துப்படி

ரேங்க் மட்டும் இல்ல, எங்க நிக்கிறீங்க, என்ன வேலை செய்யிறீங்கன்னும் பார்ப்பாங்க. ஏழாவது ஊதியக் குழு இதுக்குன்னு தனியா ஒரு மேட்ரிக்ஸ் போட்டுச்சு. ஒரு பக்கம் ஆபத்து, இன்னொரு பக்கம் கஷ்டம், ரெண்டுக்கும் மூணு மூணு நிலை. மொத்தம் ஒன்பது கட்டம். அந்த ஒன்பதுக்கும் மேல தனியா ஒரு கட்டம் இருக்கு. அது சியாச்சின்.

2017 ஜூன்ல மத்திய அமைச்சரவை சியாச்சின் படியை இப்படி நிர்ணயிச்சுது: அதிகாரிக்கு மாசம் 42,500. மத்தவங்களுக்கு 30,000. அதுக்கு முன்னாடி இருந்தது 21,000, 14,000. ஊதியக் குழு பரிந்துரைச்சதே 31,500, 21,000 தான். அமைச்சரவை அதைவிடக் கூட்டிக் கொடுத்துச்சு.

விகிதத்தைப் பாருங்க. அடிப்படைச் சம்பளத்துல லெப்டினன்டுக்கும் சிப்பாய்க்கும் இடைவெளி சுமார் 2.6 மடங்கு. எம்.எஸ்.பி.-ல மூணு மடங்கு. சியாச்சின்ல 1.4 மடங்குதான். மேல ஏற ஏற பனி ரெண்டு பேரையும் கிட்டக் கொண்டு வருது. ஆனாலும் முழுசா ஒண்ணாக்கல. குளிருக்கு பேட்ஜ் பார்க்கத் தெரியாது, அப்புறம் ஏன் அந்த 12,500 வித்தியாசம்னு தம்பி கேட்டான். பொறுப்புக்குன்னா, அது அடிப்படைச் சம்பளத்துலயே வந்துடுச்சே. எனக்கும் பதில் சொல்லத் தெரியல.

திருவையாறுல நின்னா சில நாள் வானத்துல இடி மாதிரி சத்தம் கேக்கும். தஞ்சாவூர் விமானப்படைத் தளத்து சுகோய்-30. 2020 ஜனவரில 222-வது ஸ்குவாட்ரன் அங்க வந்துச்சு. அதை ஓட்டுற அதிகாரிக்குப் பறக்கும் படி, 2017 கணக்குப்படி, மாசம் 25,000. இதுவும் அந்த ஒன்பது கட்டத்துல ஆபத்தும் கஷ்டமும் உச்சத்துல இருக்கிற கட்டம்தான்.

4. ரேங்கே பார்க்காதது

இதைத்தான் நிறைய பேர் கவனிக்கிறதில்ல. ரெண்டு இடத்துல அரசாங்கம் ரேங்க் பார்க்கிறதே இல்ல.

ஒண்ணு, வீரதீர விருதுக்கான மாதப்படி. 2017 ஆகஸ்ட்ல இருந்து பரம் வீர் சக்ராவுக்கு 20,000, அசோக சக்ராவுக்கு 12,000, மகா வீர் சக்ராவுக்கு 10,000. கார்கில்ல டைகர் ஹில் ஏறின யோகேந்திர சிங் யாதவ் அப்ப சாதாரண சிப்பாய், வயசு 19. 1987-ல இலங்கைல உயிரிழந்த நம்ம ராமசாமி பரமேஸ்வரன் மேஜர். ரெண்டு பேருக்கும் பரம் வீர் சக்ரா. அந்த விருதுக்கான படி ரெண்டு ரேங்குக்கும் ஒண்ணுதான்.

இன்னொண்ணு, பணில இறந்தா குடும்பத்துக்கு மத்திய அரசு கொடுக்கிற கருணைத்தொகை. பணி நேர விபத்துன்னா 25 லட்சம், எல்லை மோதல்னா 35 லட்சம், போர்ல எதிரியாலன்னா 45 லட்சம். எப்படி இறந்தாங்கன்னுதான் பார்ப்பாங்க, என்ன ரேங்க்னு பார்க்க மாட்டாங்க. ஆனா மாசா மாசம் வர்ற குடும்ப ஓய்வூதியம் கடைசிச் சம்பளத்தைப் பொறுத்தது, அங்க மறுபடி ரேங்க் உள்ள வந்துடும்.

5. அக்னிவீர் எந்தக் கட்டத்துல?

எந்தக் கட்டத்துலயும் இல்ல. 2022 ஜூன் 14 அன்னைக்கு அறிவிச்ச அக்னிபாத் திட்டத்துல பே மேட்ரிக்ஸ் கிடையாது, அகவிலைப்படி கிடையாது, எம்.எஸ்.பி. கிடையாது. மாசத்துக்கு நிலையான தொகை:

முதல் வருஷம்: 30,000 (கைக்கு 21,000)
ரெண்டாம் வருஷம்: 33,000 (கைக்கு 23,100)
மூணாம் வருஷம்: 36,500 (கைக்கு 25,550)
நாலாம் வருஷம்: 40,000 (கைக்கு 28,000)

சித்தப்பா ஃபார்வர்டுல இருந்த 21 ஆயிரம் இதுதான். மிச்சம் 30 சதவீதம் சேவா நிதிக்குப் போகுது. நாலு வருஷத்துல நம்ம பங்கு 5.02 லட்சம். அரசாங்கமும் அதே அளவு போடும். ஆக 10.04 லட்சமும் வட்டியும் கடைசில மொத்தமா வரும், வருமான வரி இல்லாம. ஆபத்துப்படி, உணவு, சீருடை, பயணப்படி எல்லாம் உண்டு. 48 லட்சத்துக்குக் காப்பீடு, அதுக்குப் பிரீமியம் நாம கட்ட வேணாம். பணி காரணமா இறந்தா கூடுதலா 44 லட்சம்.

ஓய்வூதியம் கிடையாது, பணிக்கொடையும் கிடையாது. நாலு வருஷம் கழிச்சு அதிகபட்சம் 25 சதவீதம் பேரைத்தான் நிரந்தரமா எடுப்பாங்க. அப்படி எடுத்தாத்தான் நான் மேல எழுதின மேட்ரிக்ஸ் அவனுக்குத் திறக்கும். நிரந்தரச் சிப்பாய்க்கு 15 வருஷ சர்வீஸ் இருந்தா ஓய்வூதியம் உண்டு.

இஞ்சினியரிங் பசங்க "நாங்க நேரா அதிகாரியாத்தானே போவோம்"னு சிரிக்க வேணாம். டிகிரி முடிச்சு ஷார்ட் சர்வீஸ் கமிஷன்ல போனா, பயிற்சிக் காலத்துலயே மாசம் 56,100 உதவித்தொகை வரும், அது உண்மை. ஆனா அது 10 வருஷம், விருப்பப்பட்டா இன்னும் 4. அதிகாரிக்கு ஓய்வூதியத்துக்கு வேண்டியது 20 வருஷம். நிரந்தரக் கமிஷன் கிடைக்கலைன்னா, பணிக்கொடை உண்டு, ஓய்வூதியம் இல்ல.

கடைசியா

கேம்பஸ் இன்டர்வியூல 'சிடிசி' எவ்வளவுன்னு மட்டும் பார்த்துட்டு, கைல வர்றதைப் பார்த்ததும் ஏமாந்த சீனியர் கதை நமக்குத் தெரியும். ராணுவத்துக்கும் அதே பாடம்தான். ஒரு தொகையை யாராவது சொன்னா மூணு கேள்வி கேளுங்க: இது எந்த ரேங்குக்கு? இதுல இடத்துக்கான படி எவ்வளவு, அந்த இடத்தை விட்டு வந்தா அது போயிடுமா? எத்தனை வருஷத்துக்கு, அதுக்கு அப்புறம் என்ன?

எட்டாவது ஊதியக் குழுவை 2025-ல அமைச்சாச்சு. தொகை எல்லாம் மாறும். கேள்வி மூணும் மாறாது.

வீட்டுக்கு வந்து நோட்டைச் சித்திகிட்ட கொடுத்தேன். கடைசிப் பக்கத்தை ரெண்டு தடவை படிச்சாங்க. "நாலு வருஷம் கழிச்சு வந்தா இவனுக்கு வயசு என்ன?"

"இருபத்திரண்டு சித்தி."

சித்தப்பா ஒண்ணும் சொல்லல. தம்பிதான் சொன்னான்: "நான் போறேம்மா. ஆனா அண்ணன் சொன்ன மாதிரி, அஞ்சல் வழில ஒரு டிகிரிக்கும் கட்டிடுறேன். அந்த இருபத்தஞ்சு பேர்ல நான் இல்லைன்னா?"

மறுநாள் காலைல அவன் ஓடப் போனப்போ சித்தப்பாவும் கூடப் போனார், கைல ஸ்டாப் வாட்ச்சுக்குன்னு தன் போனை எடுத்துக்கிட்டு.